அம்மா வேஷம்

அத்தியாயம் 12

அன்று மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்கு சந்திரகலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகம். சாயந்திரம் ஆறு மணிக்கு அவளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததில், பொழுது விடிந்ததிலிருந்து அவள் அம்மா கஸ்தூரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பூ வைக்க வருகிறவன் யாரோ எவனோ இல்லை. மூத்த மகள் தனத்தின் புருஷன் பரசுராமன்தான். அடி அண்ணாமலையில் நிலம், டவுனில் உரக்கடை. தனம் ஸ்டவ் வெடித்துச் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் விட்டுப்போன குழந்தை வள்ளிக்கு மூன்று வயது. அக்காள் போய்விட்டால் தங்கையை அதே வீட்டுக்கு அனுப்புவது நம் பக்கத்தில் நடக்காத காரியமா என்ன? போன வாரம் பரசுராமனின் அம்மா காசியம்மாள் வந்து நறுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள்.

"சின்னவளைக் குடுங்க. இல்லன்னா செங்கத்துல ஒரு பொண்ணு பார்த்து வெச்சிருக்கோம். அவ வந்தப்புறம் வள்ளியை உங்க கண்ணுல காட்டுவாளா மாட்டாளா, அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

கஸ்தூரி தலையாட்டினாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையும் பங்குனியில், முகூர்த்தமும் பங்குனியில். பரீட்சையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தலையாட்டினதற்காக அவளைத் திட்டி வாசகிகள் கட்டுக் கட்டாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். திட்டுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு கிடந்த தனம், அம்மாவின் காதில் என்ன சொன்னாள்? அதைக் கஸ்தூரி தாலி கட்டின புருஷனிடமே இன்றுவரை சொல்லவில்லை. நம்மிடம் மட்டும் சொல்லிவிடுவாளா!

"அம்மா, நீ நாடகத்துக்கு வருவே இல்ல? எல்லாரும் அவங்க அம்மாவைக் கூட்டினு வரணும்னு ரேணுகா டீச்சர் சொன்னாங்க," என்றாள் சந்திரகலா.

"பூ வைக்கிற நாளும் அதுவுமா இன்னாடி நாடகம்? பேசாம ஊட்டுல இரு."

"இதாம்மா கடைசி. அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கு ஏது பள்ளிக்கூடம்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் கஸ்தூரி பதிலுக்குக் கத்தியிருப்பாள். சந்திரகலா சாதாரணமாகச் சொன்னாள். தட்டில் கை வைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா சகாதேவன் நிமிர்ந்து பார்த்தார். நெல் மண்டியில் எடை போடுகிற மனுஷன். வீட்டில் எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

"போயிட்டுத்தான் வாயேன் கஸ்தூரி. குழந்தை ஆசையா கேக்குது. ஆமா, உனுக்கு இன்னா வேஷம்மா?"

"அம்மா வேஷம் நைனா."

"அடி சக்கை! எங்க பார்த்துக் கத்துக்கினே?"

"நம்ம ஊட்டுலதான்."

சகாதேவன் சிரித்தார். கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் கேட்ட பழைய வாயில் துணிப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூடவே முறத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் அந்தப் பெண்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பெண்கள் இருநூறு பேருக்குக் குறையாது. பின்னால் அம்மாமார்கள் முப்பது நாற்பது பேர். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இது ஏதோ சுகாதார நாடகம் என்று நினைத்துத்தான் அனுமதி கொடுத்திருந்தாள், பாவம்.

ரேணுகாம்பாள் டீச்சர் புதுசு. தமிழ் டீச்சர். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருக்கிறாள். கோடை விடுமுறையில் மெட்ராஸில் பத்து நாள் முகாமில் கற்றுக்கொண்டு வந்த நாடகம் இது. பெண்கள் அதற்கு 'நிறுத்து நாடகம்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"முதல் தரம் நாடகம் முழுசா ஓடும். முடிவு உங்களுக்குப் பிடிக்காது," என்று டீச்சர் முன்னால் வந்து சொன்னாள். "ரெண்டாவது தரம் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். 'இந்த இடத்துல நானா இருந்தா வேற மாதிரி செய்வேன்'னு யாருக்குத் தோணினாலும், கைதட்டி 'நிறுத்து'ன்னு சொல்லுங்க. எழுந்து வந்து, கஷ்டப்படறவங்க இடத்துல நில்லுங்க. வாய்க்கு வந்ததைப் பேசுங்க. எழுதிவெச்ச வசனம் கிடையாது. ஆனா எதிர்ல நடிக்கறவங்க சும்மா விட்டுக்குடுக்க மாட்டாங்க. நீங்கதான் ஜெயிக்கணும்."

கதை சின்னதுதான். செல்வி என்று ஒரு பெண். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறாள் அம்மா. செல்வியாக சந்திரகலாவின் வகுப்புத் தோழி வெள்ளையம்மாள். அம்மாவாக சந்திரகலா.

அவள் நடுவில் வந்து முறத்தோடு உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அரிசியை இரண்டு தட்டுத் தட்டி, கல் பொறுக்குகிற சாக்கில் மகளின் முகத்தைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள். மூச்சுக்கு மூச்சு 'ஆங், அப்பறம்' என்றாள். கஸ்தூரியின் பக்கத்தில் இருந்தவள் விலாவில் இடித்தாள்.

"அச்சு அசலா நீதாண்டி! உன் பொண்ணு பெரிய கைகாரி போல கீதே!"

கஸ்தூரிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. எழுந்து போய் நாலு அறை வைக்கலாமா என்றிருந்தது. தான் இப்படித்தான் பேசுகிறோமா? இப்படிக் குனிந்துகொண்டா?

முதல் தரம் நாடகம் முடிந்தது. செல்வி புத்தகப் பையைப் பரண்மேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். மறுபடி ஆரம்பித்தார்கள்.

"நிறுத்து!"

குண்டாக ஒரு பெண் ஓடிவந்து செல்வி இடத்தில் நின்றாள். "பதினெட்டு வயசு ஆகாம கட்டிவெச்சா போலீஸ் புடிக்கும்மா. சட்டம் இருக்குது."

சந்திரகலா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆங், கோயில்ல வெச்சுத் தாலி கட்டினா யார்றி வந்து வயசு சர்டிபிகேட் கேக்கறான்? எனக்குக் கட்டும்போது பதினஞ்சு. எந்தப் போலீஸ் வந்தான்?"

கூடம் சிரித்தது. குண்டுப் பெண் தன் இடத்துக்கே திரும்பிப் போனாள்.

அடுத்தவள் சாப்பிட மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தாள். "நீ துன்னலன்னா நானும் துன்னல," என்று முறத்தைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள் சந்திரகலா. இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். கடைசியில் வந்தவள் தானே சிரித்துவிட்டாள். "முடியாது டீச்சர், எங்கம்மாவும் இதேதான் செய்வாங்க. எனக்குப் பாவமா பூடும்."

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி மாப்பிள்ளைக்கே கடிதம் எழுதுவேன் என்று மிரட்டினாள். எல்லாவற்றுக்கும் முறத்திலிருந்து பதில் வந்தது.

பிறகு ஒல்லியாக, எண்ணெய் வழியத் தலை வாரின ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் சரோஜா என்று டீச்சர் சொன்னாள். வகுப்பில் வாயே திறக்காதவளாம். அவள் சந்திரகலாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனக்கு பயமா கீதும்மா."

சந்திரகலாவின் கை நின்றுவிட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? பயந்தா ஆச்சா? நடக்கறது நடந்துதான் தீரும்."

போன செவ்வாய்க்கிழமை, சமையல் ரூமில், இதே வார்த்தைக்குக் கஸ்தூரி சொன்ன பதில் அது. ஒரு எழுத்து மாறவில்லை. அன்றைக்குச் சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். மகள் அதை மனசில் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீச்சர் நடுவில் வந்தாள். "ஏன் யாராலயும் ஜெயிக்க முடியல?"

"பொண்ணு இன்னா சொன்னாலும் அம்மாகிட்ட ஒரு பதில் இருக்குது டீச்சர்."

"அம்மாவுக்கு அந்தப் பதிலை யார் குடுத்தாங்க?"

"அவங்க அம்மா." சிரிப்பு.

"இல்ல டீச்சர், அம்மாவும் பயமா இருக்குதுன்னு சொன்னாங்களே," என்றாள் குண்டுப் பெண். "அப்ப அவங்களும் கஷ்டப்படறவங்கதானே? அம்மா இடத்துல போய் நிக்கலாமா?"

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "நிக்கலாம். யார் வர்றீங்க?"

இருநூறு பேரில் ஒரு கை எழவில்லை. அந்த ஒல்லிப் பெண் சரோஜாதான் பதில் சொன்னாள். "அம்மா வேற மாதிரி பேசினா இன்னா பேசுவாங்கன்னு எங்களுக்குத் தெரியாது டீச்சர். நாங்க கேட்டதே இல்லியே."

அப்போதுதான் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். கஸ்தூரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தட்டினது தன் கைதான் என்பது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. திரும்ப உட்காரவும் முடியவில்லை. இருநூறு பெண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள்.

சந்திரகலா எழுந்து முறத்தை அம்மாவிடம் கொடுத்தாள். போய் ஓரமாக நிற்கவில்லை. வெள்ளையம்மாளைத் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, செல்வியின் இடத்தில் தான் உட்கார்ந்தாள்.

"நான் போக மாட்டேம்மா."

கஸ்தூரி வேறு ஏதோ சொல்லத்தான் வந்தாள். வாயில் வந்தது பழையதுதான். "குழந்தை தனியா கீதுடி."

"எந்தக் குழந்தை? இந்த நாடகத்துல குழந்தையே இல்லியே."

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். சந்திரகலா நகர்ந்து அருகில் வந்தாள்.

"அக்கா போன ஊட்டுக்கே என்னை எதுக்கும்மா அனுப்பறே? ஸ்டவ் அங்கதானே கீது?"

"உங்க அக்கா ஸ்டவ்வைப் பத்தவே வெக்கலடி."

சொல்லிவிட்டாள். ஒன்றரை வருஷம் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்தது, இரண்டு மூச்சில் வெளியே வந்துவிட்டது.

"என்கிட்டச் சொன்னா. அம்மா, நான் நெருப்புக்குச்சியைத் தொடவே இல்லம்மா, கதவை வெளியில தாழ் போட்டுட்டாங்கம்மான்னா. சாவை விசாரிக்க ஆர்.டி.ஓ. வந்து கேட்டப்ப, ஸ்டவ் வெடிச்சிடுச்சுன்னு சொன்னது நானு. காசியம்மா குழந்தையை இடுப்புல வெச்சுக்கினு எதிர்லயே நின்னுட்டு இருந்தா."

"அப்பறமும் என்னை ஏம்மா..."

"ஜுரத்துல உளர்றான்னு நெனச்சேன். இல்லடி... அப்படி நெனச்சிக்கினேன். நெனச்சாத்தானே வள்ளியைப் பார்க்க அந்த ஊட்டு வாசப்படியை மிதிக்க முடியும்? உன்னையும் அனுப்பிட்டா அது நெசமாவே உளறல்தான்னு ஆயிடும்னு இருந்தேன். நீ போக வேணாம் சந்திரா. போவவே வேணாம்."

'செல்வி' என்று சொல்லியிருக்க வேண்டும். சந்திரா என்று சொல்லிவிட்டாள். டீச்சர் நிறுத்து என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே நின்றாள்.

தலைமையாசிரியைதான் முதலில் கைதட்டினாள். பிறகு கூடமே தட்டியது! அம்மாமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்ன தத்ரூபமா நடிச்சாங்க!" என்றார்கள். "சொந்தப் பொண்ணு செத்ததையே வெச்சு நடிச்சுட்டாளே, என்ன நெஞ்சழுத்தம்!" என்றாள் ஒருத்தி. தட்டாமல் இருந்தவர்கள் மூன்றே பேர். சந்திரகலா, டீச்சர், அந்தச் சரோஜா.

டீச்சர் வந்து கஸ்தூரியின் கையைப் பிடித்தாள். "அம்மா, நீங்க இப்ப சொன்னது..."

"நாடகம்தானே டீச்சர்," என்றாள் கஸ்தூரி.

அடப் பாவமே! கதவு திறந்ததும் திறக்காததுமாகத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாளே என்றுதானே கேட்கிறீர்கள்? சந்திரகலாவும் அதைத்தான் கேட்டாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், பே கோபுரத் தெரு முக்கில் நின்றாள்.

"நாடகமாம்மா?"

"சாயந்திரம் அவங்க வராங்க. போய்த் தலை வாரிக்கோ."

சந்திரகலா வீட்டுக்குப் போய், சொன்னபடி தலை வாரிக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் கஸ்தூரியால் முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பரசுராமன் உள்ளே வரவில்லை. தெருவிலேயே வண்டிமேல் சாய்ந்து நின்று சிகரெட் பற்றவைத்தான். காசியம்மாள் மட்டும் வந்தாள். ஒரு கையில் பூவும் மஞ்சளும் வைத்த தட்டு, இன்னொரு கையில் வள்ளி. குழந்தை "ஆயா" என்று தாவிக் கஸ்தூரியின் மடியில் ஏறிக்கொண்டது. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஏறினதும் ஏறாததுமாக வளையல்களை எண்ண ஆரம்பித்துவிட்டது. அதற்கு மூன்று வரைதான் எண்ணத் தெரியும்.

காசியம்மாள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல என்னமோ பேசினியாமே? கடைக்கு வந்த நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க."

"இன்னா பேச்சு?" என்றார் சகாதேவன். அவருக்கு ஒன்றும் தெரியாது. மண்டியிலிருந்து நேரே வந்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"நாடகத்துல பேசினாளாம் அண்ணே. நான் அதைப் பெருசா எடுத்துக்கல." காசியம்மாளின் குரல் தேனாக இருந்தது. "வேஷம் கட்டினா வாய்க்கு வந்தது வரத்தான் செய்யும். என்ன கஸ்தூரி? நாடகம்தான்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. எம் புள்ளை வெளியில நிக்கறான், கூப்பிட்டு உக்கார வெச்சுப் பூவை வெச்சுடலாம். வள்ளியும் இன்னிக்கு இங்கயே தூங்கட்டும். ரெண்டு நாள் கழிச்சு வந்து கூட்டினு போறேன்."

ஒன்றரை வருஷத்தில் வள்ளி ஒரு ராத்திரிகூட இந்த வீட்டில் தூங்கினதில்லை.

கஸ்தூரி குழந்தையைப் பார்த்தாள். தனத்தின் நெற்றி, தனத்தின் காது. இந்தப் பக்கம் நிலைப்படியில் சந்திரகலா, அக்காளின் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு, பூவுக்காகப் பின்னல் போட்டு நின்றாள். கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் குழந்தை இங்கே தூங்கும். சொல்லாவிட்டால் அதன் முகத்தை இனிமேல் பார்க்கவே முடியாது.

"நாடகம் இல்ல," என்றாள் கஸ்தூரி.

"யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். தனம் ஸ்டவ்வைப் பத்த வெக்கல. கதவுக்கு வெளியில தாழ் போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியும். என் சின்னப் பொண்ணை அந்த ஊட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

காசியம்மாள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குனிந்து குழந்தையைத் தூக்கினாள். வள்ளி வளையலை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள் காசியம்மாள்.

"இனிமே இதுக்கு ஆயா நான் ஒருத்திதான். செத்தாக்கூட சொல்லி அனுப்ப மாட்டேன், எதிர்பார்க்காதே."

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. தெருமுனை திரும்புகிறவரைக்கும் குழந்தை அலறினது கேட்டது. அக்கம்பக்கத்தில் யாரும் வெளியே வரவில்லை. எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தன.

கஸ்தூரி மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சந்திரகலா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தழுவக்கூடக் கஸ்தூரிக்குக் கை எழவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டாள், வாஸ்தவம். ஒருத்தியைத் தூக்கிக் கொடுத்தும்விட்டாள்.

சகாதேவன் இவ்வளவு நேரமும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அவர் பேசினபோது குரல் அவர் குரலாகவே இல்லை.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது நானு."

கஸ்தூரி நிமிர்ந்தாள். இதை அவள் யோசித்ததே இல்லை.

"ஸ்டவ்வு தானா வெடிச்சுது, யார் மேலயும் சந்தேகம் இல்லைன்னு காயிதத்துல எழுதியிருந்துது. நீ சொன்னியேன்னு போட்டேன். பெத்த அப்பன் கையெழுத்து. அந்த ஒரு காயிதத்தை வெச்சுத்தான் அவன் ஒன்றரை வருஷமா உரம் வித்துனு இருக்கறான்." அவர் உதடு கோணியது. "தெரிஞ்சேதான் என் கையில பேனாவைக் குடுத்தியா கஸ்தூரி?"

அவள் அழுதாள். தனம் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. சகாதேவன் அழுகை ஓய்கிறவரைக்கும் காத்திருக்கவில்லை. கொடியிலிருந்து சட்டையை உருவி மாட்டினார்.

"நைனா, எங்க போற?" என்றாள் சந்திரகலா.

"ஸ்டேஷனுக்கு. நான் போட்டது பொய்க் கையெழுத்துன்னு சொல்லப் போறேன்." வாசல்வரை போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "யார் சொல்லிப் போட்டேன்னு கேப்பாங்க. அப்படிச் சொன்னவங்களைத்தான் மொதல்ல ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க. நான் இன்னா சொல்லட்டும் கஸ்தூரி?"

சந்திரகலா அம்மாவின் தோளை இறுகப் பிடித்தாள். "வேணாம் நைனா..."

கஸ்தூரி அவள் கையை மெல்ல விலக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லுங்க," என்றாள்.

சகாதேவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.